பந்தல் முதலில், பொம்மை கடைசியில்: தர்மபுரி, கிருஷ்ணகிரி வீட்டு வாசலைச் சீர்செய்ய ஒரு வழிகாட்டி

புது வீட்டுக்குக் குடிவந்த கையோடு பலரும் செய்வது இதுதான். ஓசூர் ரோட்டில் ஏதாவது ஒரு நர்சரியில் வண்டியை நிறுத்துவார்கள். நாலு சிமென்ட் தொட்டி, ஒரு ஃபைபர் கொக்கு, இரண்டு மூட்டை வெள்ளைக் கூழாங்கல் ஏறும். சித்திரை வெயிலில் கொக்கு வெளுத்துப் போகும். முதல் மழையில் கூழாங்கல் செம்மண் நிறத்துக்கு மாறும். அத்தனை செலவுக்கும் பிறகு சாயங்காலம் நாற்காலியை வெளியே போட்டு உட்கார ஆளிருக்காது.

நம் பக்கத்தில் ஆட்களை வாசலில் உட்காரவிடாமல் விரட்டுவது இரண்டு: மேற்கு வெயிலும் செம்மண் சேறும். முதலில் இவற்றுக்கு வழி பண்ண வேண்டும். அதற்கான சாமானைத் தேடி எங்கும் போகவேண்டாம், காலடியிலேயே கருங்கல் இருக்கிறது. நிழலுக்குக் கல்கால் பந்தல், சேற்றுக்குச் சரிவும் கல்பாதையும், உட்காரக் கல்பெஞ்ச். வேலையை இந்த வரிசையில் செய்தால் அடுத்த வேலைக்காக முந்தையதை இடிக்க நேராது.

கீழே வரும் அளவுகள் சுமார் 10க்கு 12 அடிப் பந்தலுக்கானவை. நாலைந்து பேர் உட்காரவும் ஒரு கட்டில் போடவும் இது போதும்.

எங்கே, எந்தத் திசையில்

இடத்தை முடிவு செய்யும் முன் ஒரு நாள் முழுக்க நிழலைப் பாருங்கள். காலை 9, பகல் 12, மாலை 4 என மூன்று நேரம், சுவர் நிழல் விழும் விளிம்பில் ஒரு குச்சி நட்டால் போதும். ஆனால் அன்றைய நிழலை மட்டும் நம்பி இறங்கக்கூடாது. ஏப்ரல் கடைசி வாரம் தொடங்கி ஆகஸ்ட் மூன்றாம் வாரம் வரை நம் ஊரில் உச்சிச் சூரியன் தலைக்குச் சற்று வடக்கே நிற்கும், மற்ற மாதங்களில் தெற்கே சாயும். ஏழரை அடி உயரப் பந்தலின் பகல் 12 மணி நிழல் ஜூனில் ஒன்றரை அடிதான் தெற்கே நகரும். டிசம்பரிலோ ஐந்தரை அடி வடக்கே போய்விடும். அதனால் பெஞ்சைப் பந்தலின் தெற்கு ஓரத்தில் போட்டால் மார்கழியில் முகத்தில் வெயில் அடிக்கும். நடுவிலோ சற்று வடக்கே தள்ளியோ போடுங்கள்.

பந்தலின் 12 அடி நீளப் பக்கம் மேற்கைப் பார்க்கட்டும். சாயங்கால வெயில் கூரைக்கு அடியில் புகுந்து வரும், மேலே எவ்வளவு அடர்ந்த கொடி இருந்தாலும் அதைத் தடுக்காது. மேற்குப் பக்கம் குறுக்குக் கம்பி இழுத்து அதிலும் கொடி ஏற்றித்தான் மறைக்க முடியும். அந்தக் கம்பியைத் தாங்க அந்தப் பக்கம் மூன்று கால் வரிசையாக இருப்பது வசதி.

வீட்டுச் சுவரிலிருந்து மூன்று அடி, காம்பவுண்டிலிருந்து இரண்டு அடி விடுங்கள். ஒட்டிப் போட்டால் எறும்பு கொடி வழியாக ஜன்னலுக்கு வரும், சுவருக்குப் பெயின்ட் அடிக்கவும் ஆள் நுழைய முடியாது. மேலே ஈ.பி. கம்பி போனால் அந்த இடமே வேண்டாம். செப்டிக் டேங்க், சம்ப், போர் மோட்டார் ஒயர், தண்ணீர்க் குழாய் எங்கெல்லாம் ஓடுகின்றன என்று கட்டிய மேஸ்திரியைக் கேட்டுத் தரையில் சுண்ணாம்பால் கோடு போட்டுக்கொள்ளுங்கள். கடப்பாரை போர் ஒயரில் இறங்கினால் ஒயர் மட்டும் போவதில்லை, ஆளுக்கும் ஆபத்து.

வேலை தொடங்க மார்கழி, தை நல்ல நேரம். வடகிழக்கு மழை நின்று மண் உள்ளே ஈரமாக இருக்கும், கடப்பாரை இறங்கும். பங்குனியில் அதே செம்மண்ணும் சரளையும் கல்லாய் இறுகிக் கிடக்கும், ஒரு நாள் குழி வேலை மூன்று நாள் ஆகும். தையில் கால் நட்டால் மாசிக்குள் கம்பி கட்டி, சித்திரை இடிமழைக் காற்று வருமுன் எல்லாம் இறுகியிருக்கும்.

ஏன் கல்கால்

சவுக்கு, மூங்கில் போட்டால் முதல் செலவு குறைவு. ஆனால் செம்மண்ணில் கரையான் விடாது. இரண்டு மூன்று வருடத்தில் மண்மட்டத்தில் இற்று, கொடி காய்த்துத் தொங்கும் சமயத்தில்தான் சாயும். இரும்புப் பைப்பும் மண்ணோடு சேரும் இடத்தில்தான் முதலில் துருப்பிடிக்கும். கருங்கல்லுக்கு இந்த இரண்டு கவலையும் இல்லை. அதன் பலவீனம் வேறு. மேலிருந்து எவ்வளவு பாரம் வைத்தாலும் தாங்கும், பக்கவாட்டில் இழுத்தால் சட்டென்று முறியும். பின்னால் வரும் பாதி யோசனைகள் இந்த ஒரு குணத்துக்காகத்தான்.

கல்கால், கல்தூண், பந்தல்கால் என்று இடத்துக்கு ஒரு பெயர். பர்கூர், ஜெகதேவி பக்கம் கிரானைட் பட்டறைகள் நிறைய. வேலிக்கும் பந்தலுக்கும் உடைத்த கால்கள் மற்ற ஊர்களிலும் கிடைக்கும். நமக்கு வேண்டியது 6க்கு 6 இன்ச் பருமனில் 10 அடி நீளக் கால், ஆறு எண்ணம். நாலு மூலைக்கு நாலு, 12 அடிப் பக்கங்களின் நடுவில் ஒவ்வொன்று. வேலிக்கு விற்கும் 4 இன்ச் கால் மலிவு என்று பந்தலுக்கு வாங்கிவிடாதீர்கள்.

பட்டறையில் ஒவ்வொரு காலையும் இரண்டு துண்டுக் கட்டைமேல் படுக்க வைக்கச் சொல்லி, சின்னச் சுத்தியலால் தலை, நடு, அடி என மூன்று இடத்தில் தட்டுங்கள். கணீரென்று ஒலித்தால் கல் முழுசு. ஓட்டைப் பானையைத் தட்டினதுபோல் 'டப்' என்றால் உள்ளே விரிசல் இருக்கிறது, தள்ளிவையுங்கள். தரையில் அப்படியே கிடக்கும் கல்லைத் தட்டினால் நல்ல கல்லும் மந்தமாகத்தான் ஒலிக்கும், அதற்காகத்தான் கட்டை. அடுத்து, தண்ணீர் தெளித்துப் பாருங்கள். கல் காய்ந்துவரும்போது விரிசல் இருக்கும் கோடு மட்டும் ஈரமாக நிற்கும். காலைக் குறுக்காக வெட்டிக்கொண்டு போகும் வெள்ளை ரேகை இருந்தாலும் வேண்டாம். நீளவாக்கில் ஓடும் ரேகை பரவாயில்லை.

6 இன்ச் சதுரம், 10 அடி நீளம் என்றால் ஒரு கால் ஏறக்குறைய 190 கிலோ. ஏற்றுக்கூலி, இறக்குக்கூலி விலையில் சேர்ந்ததா என்று முதலிலேயே பேசிவிடுங்கள். வண்டி குழிக்குப் பக்கத்தில் வர முடியுமா என்பதையும் பாருங்கள். தெருமுனையில் இறக்கிவிட்டுப் போனால் அங்கிருந்து தூக்கிவருவது தனிக் கூலி.

அளவு எடுத்தல், குழி வெட்டுதல்

மேல் சட்டத்துக்கு வாங்கும் சதுரப் பைப்பை எல்லோரும் 20 அடி என்பார்கள். உண்மையில் 6 மீட்டர்தான், அதாவது 19 அடி 8 இன்ச். பந்தலின் அகலத்தைச் சரியாக 10 அடி வைத்தால் ஒரு லெங்க்தில் (ஒரு முழுப் பைப்பில்) இரண்டு குறுக்குப் பைப் வராது, நாலு இன்ச்சுக்காக இன்னொரு லெங்க்த் வாங்க வேண்டியிருக்கும். அதனால் அகலம் 9 அடி 9 இன்ச், நீளம் 12 அடி, வெளிமுகத்துக்கு வெளிமுகம்.

நாலு மூலையிலும் முளை அடித்து நூல் கட்டுங்கள். ஒரு மூலையில் ஒரு பக்கம் 3 அடி, அடுத்த பக்கம் 4 அடி குறித்து, குறுக்கே 5 அடி வந்தால் அந்த மூலை சரியான செங்கோணம். பிறகு இரண்டு மூலைவிட்டத்தையும் அளந்து பாருங்கள், இரண்டும் 15 அடி ஐந்தரை இன்ச் வர வேண்டும். ஒரு இன்ச் வித்தியாசத்தை இப்போது விட்டால் மேல் சட்டம் பொருத்தும்போது அதுதான் முதலில் நிற்கும்.

குழி 15 இன்ச் சதுரம், 33 இன்ச் ஆழம். அடியில் 3 இன்ச் ஜல்லி கொட்டி இடித்துவிட்டு, கால் இரண்டரை அடி உள்ளே போகும், ஏழரை அடி வெளியே நிற்கும். கடப்பாரையால் வெட்டும் குழி வாய் அகன்றுதான் வரும். கூடுதல் இடத்தைக் கான்கிரீட்டால் நிரப்பாமல் கருங்கல் சில்லுகளை இடையிடையே திணித்துக்கொள்ளலாம்.

ஒரு அடியிலேயே பாறை தட்டினால்? நம் பக்கத்தில் இது சகஜம். சம்மட்டியோடு மல்லுக்கட்டும் முன், கடப்பாரையால் சுற்றிலும் குத்திப் பாருங்கள். தனி உருண்டைக் கல்லாக இருந்தால் பக்கத்தில் பறித்துப் புரட்டி எடுத்துவிடலாம். பரந்த பாறை என்றால் மொத்தப் பந்தலையும் இரண்டு மூன்று அடி நகர்த்துவதே மலிவு. கரிசல் திட்டு வந்தால் இன்னும் அரை அடி ஆழம் கூட்டுங்கள், அந்த மண் மழையில் உப்பி வெயிலில் பிளந்து காலை அசைக்கும். நீளம் குறையும் என்பதால் கரிசல் இருக்குமிடத்தில் கல்லைப் பத்தரை அடியாகவே சொல்லி வாங்குங்கள்.

ஆறு குழிக்கும் சேர்த்து 4 மூட்டை சிமென்ட், 10 கன அடி எம்-சாண்ட், அடியில் இடிப்பதற்கும் சேர்த்து 20 கன அடி முக்கால் இன்ச் ஜல்லி. கலவை 1க்கு 2க்கு 4. அளக்கப் பெட்டி இல்லையென்றால் காலி சிமென்ட் மூட்டையே அளவு: ஒரு மூட்டை சிமென்ட்டுக்கு அதே மூட்டையில் இரண்டு மணல், நாலு ஜல்லி. கலவை கையில் பிடித்தால் உருண்டையாக நிற்க வேண்டும். ஓடும்படி தண்ணீர் ஊற்றினால் கொத்தனாருக்குச் சுலபம், கல்லுக்குப் பிடிப்பு இல்லை.

நட்டு நிறுத்துதல்

கால் தரையில் படுத்திருக்கும்போதே முடிக்க வேண்டியவை இரண்டு. ஒன்று, தலை மேல்புறத்தின் சரியான நடுவில் 14 மி.மீ. துளை, 4 இன்ச் ஆழம். மேல் சட்டத்தைப் பிடிக்கும் மரை போட்ட ராடு இதில்தான் இறங்கும். விளிம்புக்குப் பக்கத்தில் துளையிட்டால் கல் செதில் விட்டுப் பெயரும். ஹேமர் டிரில்லை விட்டு விட்டு ஓட்டுங்கள், ஒரே மூச்சில் அழுத்த வேண்டாம். இரண்டு, பக்கத்துப் பக்கத்து இரண்டு முகங்களில் தலையிலிருந்து அடிவரை நடுக்கோடு ஒன்று கரியால் இழுங்கள். உடைத்த கல்லின் முகம் நேராக இருக்காது, ஒரு பக்கம் புடைத்திருக்கும், ஒரு பக்கம் குழிந்திருக்கும். தூக்குக்குண்டை முகத்தோடு வைத்துப் பார்த்தால் ஏமாற்றும். கரிக்கோட்டோடு வைத்துப் பார்ப்பதுதான் சரி.

ஐந்து ஆள் வேண்டும். காலின் அடி குழி வாயில் அரை அடி நீட்டிக்கொண்டிருக்கும்படி படுக்க வையுங்கள். எதிர்ப்பக்கக் குழிச் சுவரில் ஒரு பலகையைச் செருகுங்கள். இது இல்லாவிட்டால் கல்லின் அடி மண்ணைச் சீவிக்கொண்டே இறங்கிக் குழியைச் சரித்துவிடும். மூன்று பேர் தலையைத் தூக்க, இரண்டு பேர் முக்கால் உயரத்தில் கட்டிய கயிற்றை ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொள்ள வேண்டும். தூக்குகிறவர்கள் தோள் உயரம் வந்ததும் முட்டுக்கட்டை கொடுத்து மூச்சு வாங்கிக்கொள்ளலாம். அந்தச் சமயம் கல் போகும் திசையில் யாரும் நிற்கக்கூடாது, குழந்தைகள் வாசலிலேயே இருக்கக்கூடாது. குழிக்குள் கை விட்டு எதையும் சரிசெய்யவும் கூடாது, கடப்பாரை எதற்கு இருக்கிறது?

முதலில் நாலு மூலைக்கால். நட்டவுடன் கான்கிரீட் போட்டுவிடாதீர்கள். சுற்றிலும் சில்லு செருகி நிறுத்திவிட்டு, தண்ணீர் டியூப் மட்டம் வைத்துத் தலைகளைப் பாருங்கள். 10 அடி என்று வாங்கிய கால்களில் ஒன்று இரண்டு இன்ச் கூடும், இன்னொன்று குறையும். உயர்ந்த காலின் அடி ஜல்லியைக் குறைத்து, தாழ்ந்ததற்குக் கூட்டித் தலைமட்டத்தைச் சமமாக்குங்கள். தலை ஒன்றாக இருந்தால் போதும், அடி எங்கிருந்தாலும் மண் மறைத்துவிடும். மூலைத் தலைகளில் நூல் இழுத்து, நடுக்கால் இரண்டையும் அந்த நூலுக்கு நிறுத்துங்கள்.

கான்கிரீட்டை அரை அடி அரை அடியாகப் போட்டுக் கம்பியால் குத்துங்கள். தரைமட்டத்துக்கு மூன்று இன்ச் கீழேயே நிறுத்திவிட்டு மேலே மண் மூடினால், காலைச் சுற்றிச் சிமென்ட் வட்டம் தெரியாது. ஏழு நாள் ஈரச் சாக்கு போட்டுத் தண்ணீர் காட்டுங்கள், பத்து நாள் கழிந்தபிறகே மேல் வேலை. அவசரப்பட்டு மூன்றாம் நாள் ஏறிக் கம்பி இழுத்தவர்களின் கால்கள்தான் உள்பக்கமாகச் சாய்ந்து நிற்கின்றன.

மேல் சட்டமும் கம்பியும்

தோட்டத்துப் பந்தல்களில் வெறும் கம்பியை மட்டும் இழுத்து, மூலைக்கால்களை வெளிப்பக்கம் இழுவைக்கம்பி போட்டுப் புதைகல்லில் கட்டியிருப்பார்கள். கல் முறியாமல் இருக்க அது அவசியம். வீட்டு வாசலில் அதே இழுவைக்கம்பி ராத்திரி ஆளைத் தடுக்கி விழவைக்கும். அதனால் இங்கே பைப் சட்டம். கம்பியின் இழுப்பைச் சட்டம் வாங்கிக்கொள்ளும், கல்லுக்குப் பாரம் மட்டுமே போகும்.

2 இன்ச் ஜி.ஐ. (ஜிங்க் பூசிய இரும்பு) சதுரப் பைப், 2 மி.மீ. கனம், மூன்று லெங்க்த். முதல் லெங்க்தில் 9 அடி 9 இன்ச் இரண்டு, இரண்டாவதில் அதே அளவு ஒன்று. இந்த மூன்றும் எதிரெதிர்க் கால்களின் தலைமேல் குறுக்காக உட்காரும். துளையில் 12 மி.மீ. மரை ராடை கெமிக்கல் ஆங்கர் பசை விட்டு நிறுத்தி, மேலே மூன்று இன்ச் நீட்டி விடுங்கள். பைப்பில் துளை போட்டு ராடு வழியாக இறக்கி, வாஷர் வைத்து நட் முறுக்குங்கள். பிறகு குறுக்குப் பைப்புகளுக்கு இடைவெளியை அந்த இடத்திலேயே அளந்து, பக்கப் பைப் நாலு துண்டு வெட்டி வெல்டிங். ஒவ்வொன்றும் ஆறு அடிக்குச் சற்றுக் குறைவாக வரும். மூன்று துண்டு மூன்றாவது லெங்க்தில், ஒன்று இரண்டாவதின் மிச்சத்தில். முன்கூட்டியே பட்டறையில் வெட்டிக்கொண்டு வந்தால் அரை இன்ச் இடிக்கும்.

வெல்டிங் வைத்த இடத்தில் ஜிங்க் பூச்சு எரிந்துவிடும், துரு அங்கிருந்துதான் கிளம்பும். அன்றைக்கே கம்பிபிரஷ் போட்டுத் தேய்த்து ஜிங்க் பெயின்ட் இரண்டு கோட் அடியுங்கள். பைப் வாய்களுக்கு மூடி போடாவிட்டால் குளவி கூடு கட்டும். அது தெரிவது பந்தலில் காய் பறிக்கக் கை நீட்டும்போதுதான்.

உள்ளே 12 கேஜ் ஜி.ஐ. கம்பி, ஒரு அடிக்கு ஒன்று, நீளவாக்கிலும் குறுக்கிலும். மொத்தம் சுமார் 240 அடி, எடையில் மூன்றரை கிலோ வாங்கினால் சரி. 16 கேஜ், 18 கேஜ் மெல்லிய கட்டுக்கம்பியில் பின்னினால் இரண்டாம் வருடம் தொட்டிலாகத் தொங்கும். முதலில் நீளக் கம்பிகளை நடுவிலிருந்து தொடங்கி ஒன்றுவிட்டு ஒன்று இருபுறமும் கட்டுங்கள். ஒரு ஓரத்திலிருந்தே இறுக்கிக்கொண்டு வந்தால் பக்கப் பைப் வளைந்து, முதலில் கட்டியவை தளர்ந்துவிடும். குறுக்குக் கம்பியை மேலே ஒன்று கீழே ஒன்றாகப் பாய் முடைவதுபோல் நுழைத்துவிட்டால் ஒவ்வொரு சந்திலும் முடிச்சுப் போட வேண்டியதில்லை. மேற்குப் பக்கக் கால்களுக்கிடையில் தரையிலிருந்து இரண்டடி விட்டு, முக்கால் அடிக்கு ஒரு கம்பி. இதை மட்டும் கைக்கு இறுகும் அளவோடு நிறுத்துங்கள், கட்டிங்பிளையரால் முறுக்க வேண்டாம். இங்கே இழுப்பு நேராகக் கல்லுக்குத்தான் போகிறது.

கொடி ஏறும்வரை நிழலுக்குப் பச்சை வலை கட்டுவார்கள். கட்டலாம், 50 சதவீத வலை போதும். ஆனால் மூன்று பக்கம்தான் இறுக்கமாக, நாலாவது பக்கம் சணல் கயிற்றில். சித்திரை வைகாசிச் சூறைக்காற்றில் வலை பாய்மரம்போல் உப்பும். சணல் அறுந்தால் வலையோடு போகும், நைலான் கயிறு பந்தலையே அசைத்துவிடும்.

என்ன ஏற்றுவது

இந்த அளவுப் பந்தலுக்கு மூன்று செடிக்கு மேல் வேண்டாம். காலுக்கொரு செடியாக ஆறு கால்களிலும் ஏற்றினால் ஒன்றுக்கொன்று வெளிச்சத்துக்கு அடித்துக்கொண்டு, கீழே சருகும் மேலே நாலு பூவும்தான் மிஞ்சும்.

காய் வேண்டுமென்றால் கோவைதான் முதல் தேர்வு. தண்டு வெட்டி நட்டால் போதும், வருடக்கணக்கில் நிற்கும், அடர்ந்த நிழலும் தரும். பாகல், புடலை, அவரையை ஆடிப்பட்டத்தில் போட்டுப் பருவம் முடிந்ததும் பிடுங்கிவிடலாம். ஆனால் அவை கோடையில் இருக்காது என்பதால் அவற்றை மட்டுமே நம்பினால் நிழல் தேவைப்படும் மாதத்தில் பந்தல் மொட்டையாக நிற்கும். பூவுக்கு முல்லை, ரங்கூன் மல்லி. மேற்குத் தடுப்புக்குச் சங்குப்பூவும் கொடிப்பசலையும் வேகமாக ஏறும். காகிதப்பூவைப் பெஞ்சுக்கு மேலே ஏற்றாதீர்கள், கவாத்து செய்த முள் கீழே விழுந்து செருப்பில்லாத காலில் ஏறும். தளி, அஞ்செட்டி, தேன்கனிக்கோட்டை மாதிரிக் காட்டோரம் இருப்பவர்கள் பந்தல் பக்கம் வாழை, பலா வைக்கவே வேண்டாம். யானைக்கு உங்கள் கல்கால் ஒரு பொருட்டில்லை.

குழி ஒன்றரை அடிக்கு ஒன்றரை அடி, கால் கான்கிரீட்டிலிருந்து ஒரு அடியாவது தள்ளி. மேல்மண்ணோடு பத்து கிலோ மக்கிய தொழுவுரம், கால் கிலோ வேப்பம்புண்ணாக்கு. செடி மேலே போய்ச் சேரும்வரை ஒரே தண்டு. பக்கக் கிளைகளை விரலாலேயே கிள்ளிவிட வேண்டும். கம்பிக்கு அரை அடி மேலே எட்டியதும் நுனியைக் கிள்ளினால் இருபுறமும் கிளை பிரியும், அப்போது ஒவ்வொரு கிளையையும் ஒவ்வொரு கம்பியில் படரவிடுங்கள். இதைச் செய்யாதவர்கள் வீட்டில் கால் உயரத்தில் புதரும், கூரையில் ஓட்டையும் இருக்கும். புடலைப் பிஞ்சு சுருண்டால் நுனியில் நெல்லிக்காய் அளவு கல்லை நூலில் கட்டித் தொங்கவிடும் பழைய வழக்கம் இன்றைக்கும் வேலை செய்கிறது.

சொட்டுநீர் போட்டால் ஒன்று கவனிக்க வேண்டும். நம் போர் தண்ணீர் பல இடங்களில் உப்பு அதிகம், சொட்டுவான் வாயில் வெள்ளையாகக் காறை பிடித்து அடைக்கும். கழற்றிச் சுத்தம் செய்யக்கூடிய சொட்டுவானாக வாங்கி, மாதம் ஒரு தரம் வினிகரில் ஊறவைத்துக் கழுவுங்கள்.

சேறும் பாதையும்

சரிவு வீட்டிலிருந்து வெளியே போக வேண்டும்: 10 அடிக்கு 2 இன்ச் இறக்கம். அதே தண்ணீர் டியூபில் பார்த்துவிடலாம். பந்தலுக்கு அடியில் நாலாபக்கத்தையும் விட ஒரு இன்ச் மேடாக இருக்கட்டும்.

சுவரின் அடியில் ஒன்றரை அடி உயரம்வரை செம்மண் தெறித்திருக்கும் வீடுகளைப் பார்த்திருப்பீர்கள். சன்ஷேடிலிருந்து விழும் மழைநீர் வெறும் மண்ணில் மோதித் தெறிப்பதால் வருவது அது. எத்தனை தரம் பெயின்ட் அடித்தாலும் திரும்ப வரும். சுவரோரம் ஒன்றரை அடி அகலத்துக்கு மண்ணை மூன்று இன்ச் எடுத்துவிட்டு, களைத்தடுப்பு விரிப்புப் போட்டு, ஜல்லி நிரப்புங்கள். 20 அடி நீளத்துக்கு ஏழரை கன அடி ஜல்லி. தெறிப்பு நின்றுவிடும். ஜல்லி மண் பக்கம் பரவாமல் இருக்க ஓரத்தில் கல் ஒரு வரிசை பதியுங்கள். இங்கே வெள்ளைக் கூழாங்கல் வேண்டாம் என்பதை மறுபடி சொல்ல வேண்டியதில்லை.

பாதைக்குக் கிரானைட் பட்டறையின் கட்பீஸ் மலிவாகக் கிடைக்கும். ஆனால் இரண்டு வகை உண்டு. 20 மி.மீ. கனமுள்ள ஸ்லாப் துண்டு மணல்மேல் போட்டால் ஓரத்தில் கால் வைத்ததும் உடையும். அதற்கு அடியில் சிமென்ட் படுகை போட வேண்டும். 2 இன்ச் கனத்துக்குக் குறையாத துண்டுகளென்றால் 2 இன்ச் மணல் படுகையே போதும். பாலிஷ் முகத்தைக் கீழே போட்டுச் சொரசொரப்பை மேலே வையுங்கள், ஈரத்தில் பாலிஷ் கல் எண்ணெய் தடவினதுபோல் வழுக்கும். கல்லின் மேல்முகம் மண்ணைவிட அரை இன்ச் உயர்ந்திருந்தால் சேறு ஏறாது, விரலும் தட்டாது.

கல்லுக்குக் கல் இடைவெளியை டேப்பால் தீர்மானிக்காதீர்கள். தரையை நனைத்து, வீட்டில் வயதானவரை இயல்பாக நடக்கச் சொல்லுங்கள். காலடி பதிந்த இடத்தில் கல்லை வையுங்கள். பெரும்பாலும் நடுவுக்கு நடு 22 இன்ச் பக்கம் வரும். 27, 28 இன்ச் வைத்தால் சேலை கட்டியவர்கள் கல்லை விட்டு மண்ணில்தான் நடப்பார்கள்.

பெஞ்ச், துளசி மாடம், தொட்டி

பெஞ்சுக்கு 5 அடி நீளம், ஒன்றரை அடி அகலம், 3 இன்ச் கனத்தில் ஒரு பலகைக்கல். எடை 140 கிலோ. தாங்க இரண்டு கட்டைக்கல், 18 இன்ச் உயரம், மூன்று இன்ச் மண்ணுக்குள். பலகை முனையிலிருந்து எட்டு இன்ச் உள்தள்ளி வையுங்கள். உட்காரும் உயரம் 18 இன்ச் வரும். முழங்கால் வலிக்காரர்களுக்கு இதற்குக் கீழே போனால் எழுந்திருக்கச் சிரமம். தீயில் வாட்டிச் சொரசொரப்பாக்கிய மேல்முகமாகக் கேளுங்கள். கறுப்புக்கல்லை வெயிலில் போட்டால் சாயங்காலம் ஏழு மணிக்கும் சுடும், வெளிர்நிறக் கல்லே மேல். கடப்பாக்கல் பார்க்க அழகுதான், ஆனால் அது சுண்ணாம்புக்கல் வகை. உப்புக்கறை போக வினிகரோ ஆசிட்டோ பட்டால் முகம் அரித்துவிடும்.

துளசி மாடத்தில் எல்லோரும் கோலத்தையும் பிறையையும் பார்ப்பார்கள், அடியில் துளை இருக்கிறதா என்று பார்ப்பதில்லை. ஒரு இன்ச் துளை இல்லாத மாடத்தில் துளசி அழுகித்தான் போகும். உள்ளளவு ஒரு அடிக்குக் குறையக்கூடாது. சிமென்ட் மாடம் புதிதென்றால் துளையை அடைத்து, ஒரு வாரம் தண்ணீர் நிரப்பித் தினமும் மாற்றுங்கள், சிமென்ட் காரம் போய்விடும். மண் கலவை செம்மண் இரண்டு பங்கு, தொழுவுரம் ஒன்று, மணல் ஒன்று.

மாடு தண்ணீர் குடித்த பழைய கல்தொட்டியில் அல்லி வைப்பது அழகு. கொசு வராமல் இருக்கக் கப்பி மீன் விடுங்கள். பறவைக்கு மட்டும் தண்ணீர் வைக்கிற தொட்டியென்றால் வாரம் இருமுறை கொட்டி, பக்கத்தைத் தேய்த்துக் கழுவ வேண்டும். டெங்கு கொசு முட்டை தொட்டிச் சுவரில் ஒட்டியிருக்கும், தண்ணீரை மட்டும் மாற்றினால் போகாது.

பழைய கல் என்றதும் ஒரு எச்சரிக்கை. நம் இரண்டு மாவட்டமும் நடுகல் நிறைந்த பூமி, தர்மபுரி, கிருஷ்ணகிரி அரசு அருங்காட்சியகங்களில் அவற்றைப் பார்க்கலாம். வில்லோ வாளோ பிடித்த வீரன் உருவமோ எழுத்தோ வெட்டிய பலகைக்கல்லை யாராவது வாசல் அலங்காரத்துக்கு விற்க வந்தால் வாங்காதீர்கள். குழி வெட்டும்போதே அப்படி ஒன்று கிளம்பினால் வேலையை அங்கேயே நிறுத்தி, வி.ஏ.ஓ. அல்லது தாசில்தாரிடம் தகவல் சொல்லுங்கள். மண்ணுக்கடியில் கிடைக்கும் பழம்பொருளை அரசுக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 1878ஆம் ஆண்டிலிருந்தே சட்டம் இருக்கிறது. நடுகல் பல ஊர்களில் இன்னும் பூசை வாங்கும் தெய்வம், கொடிக்கு அடியில் வைக்கும் பொம்மையில்லை.

விளக்கு

கடைசி வேலை இது, ஆனால் ஒயருக்கான குழாயைப் பாதைக்கல் பதிக்கும் முன்பே புதைத்துவிடுங்கள். பந்தலுக்கு 230 வோல்ட் கொண்டுபோக வேண்டாம். ஈரக்கொடி, ஜி.ஐ. பைப், செருப்பில்லாத கால் மூன்றும் ஒரே இடத்தில் சேர்கின்றன. 12 வோல்ட் எல்.ஈ.டி. போதும். கரன்ட்டை 12 வோல்ட்டாக மாற்றும் டிரைவரை வீட்டுச் சுவரில் சன்ஷேடுக்கு அடியில் வைத்து, அந்த லைனுக்கு 30 மில்லி ஆம்ப் ஆர்.சி.சி.பி. (கரன்ட் கசிந்தால் லைனைத் துண்டிக்கும் சுவிட்ச்) இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனிடம் உறுதி செய்துகொள்ளுங்கள். 15 மீட்டர் தூரம், மொத்தம் 20 வாட் வரை 1.5 ஸ்கொயர் (சதுர மி.மீ.) ஒயர் சரியாக இருக்கும். அதைவிட மெல்லியதாகப் போட்டால் கடைசி விளக்கு மங்கும்.

மஞ்சள் வெளிச்சமாக, ஐ.பி.65 (தூசியும் தண்ணீரும் புகாத தரம்) என்று போட்டிருப்பதாக வாங்குங்கள். விளக்கைக் கூரையில் நடுவில் தொங்கவிடாமல், கல்காலில் முழங்கால் உயரத்தில் கீழ்நோக்கி வையுங்கள். பாதை தெரியும், கண் கூசாது. மழை முடிந்த ராத்திரி ஈசல் கிளம்பும்போதும் பூச்சி கீழேயே சுற்றும், சாப்பாட்டுத் தட்டில் விழாது.